மூணு மாசம் ஓடும், அதுக்கு மேல கேட்காதீங்க

கோவளத்தில் கடலைப் பார்த்தபடி தங்கும் விடுதி நடத்துகிற நண்பருக்கு, வருகிறவர்களின் பிள்ளைகள்தான் தலைவலி. வைஃபைக்கு அடுத்தபடியாக அவர்கள் கேட்பது வீடியோ கேம். அதற்காக அவர் வாங்கி வைக்கும் பெட்டிகள் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை. "செங்கல்பட்டுல ஒரு தம்பி இருக்கார். அவர் கை வச்சா ஓடுது. நீங்க வேணா போய்ப் பாருங்க" என்று கடைசியாகச் செத்த பெட்டியை என் காரில் ஏற்றிவிட்டார்.

மாமல்லபுரம் தாண்டி, திருக்கழுக்குன்றம் வழியாக செங்கல்பட்டு. கைபேசிக் கடை ஒன்றின் மாடியில், பத்துக்குப் பத்து அறை. கேம் பெட்டிகள் எல்லாம் கடலோரத்திலிருந்து வரும்போது கடையை இங்கே ஏன் போட்டார் என்று கேட்டேன்.

"மொதல்ல பூஞ்சேரியிலதான் சார் இருந்தேன். மைக்ராஸ்கோப் லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சுடுச்சு. ஸ்க்ரூடிரைவர் துரு, ட்வீசர் துரு. ரிப்பேர் பண்ற சாமானை ரிப்பேர் பண்ணவே நேரம் சரியாப் போச்சு."

நண்பரின் பெட்டியைத் திறந்து, போர்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். எச்டிஎம்ஐ சொருகுமிடத்தில் வரிசையாக நிற்க வேண்டிய கால்கள் பச்சை பூத்திருந்தன. இரண்டு கால்களுக்கு நடுவே, முடியைவிட மெல்லியதாக, கிளை பிரிந்த ஏதோ ஒன்று வளர்ந்திருந்தது. செடி இல்லை, உலோகம். உப்பும் ஈரமும் சேர்ந்த படலத்தில் மின்சாரம் நிற்கும்போது உலோகம் ஒரு காலிலிருந்து கரைந்து இன்னொரு காலை நோக்கி இப்படி வளரும். தொட்டுவிட்டால் ஷார்ட்.

சமையலறை உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர்க்கத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 சதவீதம் போதும். நம் கடற்கரையில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்கும் நாள் அபூர்வம். ஆகவே விசிறி உள்ளே இழுத்துப் படியவிட்ட உப்பு காய்வதே இல்லை. பெட்டியை அணைத்துவிட்டோம் என்று நாம் நினைக்கும்போதும் ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் மின்சாரம் போர்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அரிப்புக்கு அது போதும்.

பக்கத்தில் கிடந்த இன்னொரு போர்டு மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவர் வீட்டிலிருந்து வந்தது. கிரைண்டர் வைத்துக் கல்லறுக்கும் பட்டறைக்குப் பின்புறம் வீடு. வெப்பம் தணிக்கும் தகடுகளுக்கு இடையே கருங்கல் தூசி உப்பு ஈரத்தில் இறுகி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டினாலும் வரவில்லை. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்ததே, அதற்கப்புறம் வந்தவை வேறு ரகமாம். நின்றுபோன கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் பவர் சப்ளை வெடித்தவை.

கடை வாடகையைக் கொடுப்பது இதெல்லாம் இல்லை, கன்ட்ரோலரின் ஸ்டிக். விரலை எடுத்த பிறகும் ஆட்டக்காரன் தானாகவே நடந்துகொண்டிருப்பான். கருப்புக் கார்பன் பாதை மீது குட்டி உலோக விரல் ஒன்று உரசிக்கொண்டே இருக்கிறது, பாதை தேய்ந்துபோகிறது. காந்தத்தால் இயங்குகிற, உரசலே இல்லாத ஸ்டிக்கை சேகா கம்பெனி 1998இலேயே ட்ரீம்காஸ்டில் வைத்துவிட்டது. மற்றவர்கள் ஏன் தேயும் ஸ்டிக்கையே வைத்தார்கள் என்பதற்கு விலையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பெட்டியின் மென்பொருளைப் பற்றியும் அவர் வெகுநேரம் விளக்கினார். அது என் தலைக்குள் ஏறவில்லை.

என் கண்ணோ, அறை மூலையில் போர்வை போர்த்திக் கிடந்த இயந்திரத்தின் மீதே இருந்தது. கேட்டதும் சிரித்தார். "அது ரீபால் மிஷின் சார். அதாலதான் இந்தக் கடை. இப்ப அதை நான் தொடறதில்ல."

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் போர்டில் சில்லு பதிக்கும் வரிசையில் நின்றவர். 2014 நவம்பரில் ஆலையை மூடியபோது கையில் வந்த பணத்தில் முதலில் வாங்கியது இதை. அந்தக் காலத்தில் சென்னை பர்மா பஜார் வழியாகவும் கைமாறியும் வந்த எக்ஸ்பாக்ஸ் 360கள் ஊரெல்லாம் இருந்தன. முன்பக்க வட்டத்தில் மூன்று சிவப்பு விளக்கு எரிந்தால் ஆட்டம் முடிந்தது. 2005இல் வந்த அந்தப் பெட்டிக்காக மைக்ரோசாஃப்ட் 2007 ஜூலையில் வாரண்டியை மூன்று வருடமாக நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியதாயிற்று. பில்லே இல்லாத பெட்டிக்கு வாரண்டி ஏது? பெட்டியைக் குளியல் துண்டில் சுற்றிச் சூடேற்றி, ஒரு வாரம் ஓடவைத்தவர்களும் உண்டு.

காரணம் காரீயம் இல்லாத பற்றவைப்புதான் என்று உலகமே சொன்னது. ஐரோப்பாவில் 2006 ஜூலையில் வந்த கட்டுப்பாட்டை முன்னிட்டுக் கம்பெனிகள் பழைய கலவையைக் கைவிட்ட காலம். பழையது 183 டிகிரியில் உருகும், புதியது 217இல். இவரும் அதை நம்பினார். போர்டைக் கீழிருந்து மெல்லச் சூடேற்றி, மேலிருந்து வெப்பக்காற்று ஊதி, சில்லைத் தூக்கி, பழைய பற்றைத் துடைத்து, துளைத் தகட்டை மேலே வைத்து, அரை மில்லிமீட்டர் அளவுள்ள காரீயம் கலந்த உருண்டைகளைக் கொட்டித் தடவுவார். துளைக்கு ஒன்றாக உட்கார வேண்டும். ஒன்று பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. முடிந்ததும் பச்சை விளக்கு எரியும், பையன் துள்ளுவான். மூன்று மாதம் கழித்து அதே பையனின் அப்பா வந்து சட்டையைப் பிடிப்பார்.

"என் கை சரியில்லன்னே நெனச்சேன் சார். ராத்திரி தூங்காம டெம்பரேச்சர் மாத்தி மாத்திப் பார்ப்பேன். எத்தனையோ பேருக்குப் பணத்தைத் திருப்பிக் குடுத்திருக்கேன்."

2021 டிசம்பரில் மைக்ரோசாஃப்டே எக்ஸ்பாக்ஸ் வரலாற்றை ஆவணப்படமாக எடுத்து வெளியிட்டது. அதில் அவர்களுடைய பொறியாளர்கள் வாய்திறந்து சொன்னார்கள்: போடுவதும் அணைப்பதுமாகச் சூடேறிக் குளிர்ந்து, இணைப்புகள் சில்லின் உள்ளேயே முறிந்தன. இவர் மாற்றியது சில்லுக்கு அடியில் இருந்த உருண்டைகளை. முறிந்ததோ அதற்கு மேலே, எந்தக் கைக்கும் எட்டாத அடுக்கில். சூடு பட்டதும் முறிவு தற்காலிகமாக ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். துண்டில் சுற்றியவனும், நுண்ணோக்கியில் குனிந்து உருண்டை பதித்தவரும் செய்தது ஒரே வேலை. படத்தைப் பார்த்த வாரமே இயந்திரத்துக்குப் போர்வை போர்த்தினாராம். தன் பெட்டி ஏன் சாகிறது என்பதைக் கம்பெனி உரக்கச் சொல்ல பல வருடம் ஆயிற்று. அந்த வருடங்களுக்கான அபராதத்தை இந்த மாதிரி மாடி அறைக்காரர்கள்தான் கட்டினார்கள்.

இப்போதும் கட்டுகிறார்கள். எச்டிஎம்ஐ ஐசி தனியாக வேண்டுமென்றால் கம்பெனி விற்காது. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். எப்படிக் கிடைக்கிறது? குப்பை போர்டிலிருந்து பிடுங்கி, முதுகைத் தேய்த்து, புது எழுத்து அச்சடித்து, புதுசு என்று விற்கிறார்கள். பத்து வாங்கினால் சில பிணம். திருப்பி எடுக்கமாட்டார்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் தரகனுக்கு நஷ்டமே கிடையாது. ஆலை வாசலைச் சாத்தி வைக்கிறவன் இருக்கும்வரை, இந்தத் தரகன் கொழுக்கத்தான் செய்வான். பழுது பார்க்கிறவனைத் திருடனைப் போலப் பார்க்கும் தொழில் இதைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவருக்கு வரவில்லை. அவர் அதற்குள் நண்பரின் டிஸ்க் டிரைவைக் கழற்றிவிட்டிருந்தார்.

அதன் போர்டும் அரித்திருந்தது. வேறு டிரைவ் மாற்றலாமே? முடியாது. டிரைவின் போர்டும் தாய் போர்டும் ஆலையிலேயே ரகசியச் சாவியால் ஜோடி சேர்க்கப்பட்டவை. அடுத்த பெட்டியின் டிரைவை வைத்தால் டிஸ்க்கைப் படிக்காது. பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பொருள்களுக்கு மதிப்பெண் போடலாம் என மத்திய நுகர்வோர் துறை அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை தந்ததைச் சொன்னேன். முதலில் கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும்தான் என்றதும், "கேம் பெட்டி வர்றதுக்குள்ள நான் ரிட்டயர்டு" என்றார்.

கால்களைச் சுத்தம் செய்து, ஷார்ட்டை நீக்கி, எச்டிஎம்ஐ சொருகியை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். படம் வரும், டிஸ்க் ஓடாது, டவுன்லோடு செய்து ஆடலாம். ஃபோனில் கேட்டதற்கு நண்பர், இந்தக் காலத்துப் பிள்ளைகள் டிஸ்க்கையே பார்த்ததில்லை, செய்யச் சொல்லுங்கள் என்றார். தம்பி ஃபோனை வாங்கி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஆடி முடித்ததும் சுவர் சுவிட்சையே அணைக்க வேண்டும். நண்பர் விடுதியில் அந்தச் சுவிட்ச் கட்டிலுக்குப் பின்னால் இருக்கிறதாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முன்னால் கொண்டுவர எவ்வளவு ஆகும் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.