கயிறு பிடித்த கைகள்

தூத்துக்குடிக்கு வருவோர் பலரும் துறைமுகத்தைப் பார்ப்பர், உப்பளங்களைப் பார்ப்பர், மக்ரூன் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறிவிடுவர். நாமும் முன்னர் அவ்வாறே வந்து சென்றவர்தாம். இம்முறை நம் பங்கின் இளைஞர் சிலரோடு பனிமய அன்னையின் பேராலயத்திற்குத் திருயாத்திரையாகச் சென்றபோது, ஒரு முதியவரின் சொல் நம்மை நிறுத்தி வைத்தது. அதனை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

கடற்கரையை அடுத்து நிற்கும் இவ்வாலயம் 1713ஆம் ஆண்டு அபிஷேகம் செய்யப்பெற்றது. 1982இல் பேராலயமாக உயர்த்தப்பெற்றது. ஊரார் அன்னையைத் 'தஸ்நேவிஸ் மாதா' என்பர். 'நேவிஸ்' என்பது போர்த்துக்கீசிய மொழியில் பனியைக் குறிக்கும். ஆகஸ்டுத் திங்களின் கொடிய வெயிலில் உரோமை நகர்க் குன்றொன்றில் பனி பெய்தது என்ற பழைய மரபின் நினைவே இத்திருநாள். பனியையே கண்டறியாத உப்புக்காற்றுக் கரையில் பனியின் பெயரால் அன்னை வீற்றிருப்பது நம் உள்ளத்தைக் குளிர்விக்கின்றது. ஆண்டுதோறும் ஜூலை 26இல் கொடியேற்றம். ஆகஸ்டு 5இல் பெருவிழா.

இக்கரையின் விசுவாச வரலாறு கண்ணீரில் தொடங்கியது. 1530களில் கடலிலும் கரையிலும் பகைவரால் நெருக்குண்ட பரதவர், பாதுகாப்பு நாடிக் கொச்சியிலிருந்த போர்த்துக்கீசியரிடம் தூது அனுப்பினர். அதன் பயனாக ஆயிரமாயிரம் பேர் திருமுழுக்குப் பெற்றனர். ஆயினும் அவர்களுக்குச் செபம் கற்பிப்பார் இல்லை. 1542இல் வந்த புனித சவேரியார், செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, ஊர் ஊராக நடந்து சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார்.

அவரைத் தொடர்ந்து வந்தவர் சேசு சபைக் குரு அன்றீக்கு அடிகளார். தமிழை முறையாகக் கற்று, அரை நூற்றாண்டு இக்கரையிலேயே உழைத்து, 1600இல் புன்னைக்காயலில் உயிர் நீத்தார். அவர் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. தமிழ் எழுத்துகளால் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் அதுவே. 1586இல் 'அடியார் வரலாறு' வெளிவந்தது. இவ்வச்சுப் பணிக்குப் பொருள் ஈந்தவர் யார்? மன்னர் அல்லர், வணிகப் பெருஞ்செல்வரும் அல்லர். முத்துக்குளித்துறைப் பரதவ மக்களே! கடலடியில் மூச்சடக்கி எடுத்த செல்வத்தின் ஒரு பங்கு தமிழ் எழுத்தாயிற்று என்பதை நம் பிள்ளைகள் அறிவரோ?

1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். ஆலயங்கள் பறிபோயின, குருக்கள் விரட்டப்பட்டனர். தம் சபைக்கு மக்களை ஈர்க்க அவர்கள் பெரிதும் முயன்றும், பரதவர் அன்னையின் கையை விடவில்லை. பின்னர் 1806இல், குலத்தலைவர் பாண்டியபதி தொன் கபிரியேல் வாஸ் கோமஸ் அன்னைக்குத் தங்கத் தேர் அமைத்துத் 'தேர்மாறன்' எனப் பெயர் பெற்றார். தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. சிறப்பான ஆண்டுகளில் மட்டுமே வீதிவலம் வரும். ஆலயத்தின் முந்நூறாம் ஆண்டாகிய 2013இலும், பின்னர் 2023இலும் அது உலா வந்தது.

இவற்றை நம் இளைஞருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆலய நிழலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்து தோத்திரம் சொன்னார். வயது எண்பதைக் கடந்தவர். 1961இல் நடைபெற்ற கடைசி முத்துச் சலாபத்தில், இளைஞராகத் தோணியில் கயிறு பிடித்தவராம்.

"ஐயா, குளித்தவர் யார்?" என்று வினவினோம்.

"எங்க அக்கா மாப்பிள்ளை, சாமி. கயிறு பிடிக்க மச்சினனைத்தான் நம்புவாங்க. கல்லைக் கட்டி அவரு கீழே போவாரு. நான் மேலே பேச மாட்டேன், பராக்குப் பார்க்க மாட்டேன். கயிறு அசைஞ்சா இழுக்கணும். நான் அசந்தா எங்க அக்கா தாலி போச்சு."

சற்று நிறுத்தி, "தேர் வடம் பிடிக்கிறப்பவும் எனக்கு அந்தக் கயிறுதான் நினைவு வரும், சாமி. இதையெல்லாம் கேட்க இப்போ யாரு இருக்கா? பேரனுக்குச் சலாபம்னா என்னன்னே தெரியாது" என்றார்.

நம் இளைஞர் தலைகுனிந்தனர், நாமும் குனிந்தோம். ஏனெனில், நம் பங்கின் முதியோரிடம் நாமும் இவ்வாறு அமர்ந்து கேட்டதில்லை.

மாலையில் கடற்கரையில் நின்றோம். எதிரே மன்னார் வளைகுடா. அதன் 21 தீவுகளுள் 2 தீவுகள் இன்று நீருக்கடியில் உள்ளன. சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்குமாகப் பவளப் பாறைகளை நெடுங்காலம் வெட்டியெடுத்ததால் அரண் இழந்த தீவுகள் அவை. அவை ஒரே நாளில் மூழ்கவில்லை. ஒரு குலத்தின் நினைவும் அவ்வாறே. ஒவ்வொரு முதியவராக மறைய மறையச் சிறிது சிறிதாக மூழ்குகின்றது.

அன்பார்ந்த குடும்பத்தினரே! மரபு என்பது தங்கத்தகடு மட்டுமன்று. கீழே இருப்பவரின் உயிர் நம் கையில் உள்ளது என்றுணர்ந்து விழித்திருந்த கைகளே நம் மரபு. மீனவரோ, உழவரோ, நெசவாளரோ, எக்குலத்தினராயினும் நம் ஒவ்வொருவருக்காகவும் எவரோ கயிறு பிடித்திருக்கின்றனர். இன்றிரவு செபமாலை முடிந்தபின் பாட்டனையோ பாட்டியையோ நடுவில் அமர்த்தி, "உங்கள் காலத்தில் எப்படி?" என்று பிள்ளைகளைக் கேட்கச் செய்யுங்கள். சொல்வதை ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். கயிறு இப்போது நம் கையில் இருக்கின்றது. அசந்துவிடாதிருக்க அன்னை நமக்குத் துணை நிற்பாளாக.