கம்பாலாவின் காகித மணிகள்



ஆப்பிரிக்கக் கண்டத்தின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். நிலநடுக்கோடு கடந்து செல்லும் இடத்தில் கடல்போல் பரந்து கிடப்பது விக்டோரியா ஏரி. அதன் வடகரையை அடுத்து, குன்றுகளின் மேல் அமைந்த நகரமே உகாண்டா நாட்டின் தலைநகரான கம்பாலா. பழைய கம்பாலாக் குன்றின் உச்சியில், லிபிய நாட்டின் பொருளுதவியால் எழுந்து நிற்கும் தேசியப் பள்ளிவாசலின் மினாராவில் ஏறினால், நகரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். எதிரே கிபுலிக் குன்றிலும் ஒரு பள்ளிவாசல். கிறித்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் இந்நாட்டில், 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர் முஸ்லிம்கள்.

ஆனால் நாம் காண வேண்டிய இடம் இந்த உயரத்தில் இல்லை. ஜிஞ்சா நகருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கிச் சென்றால் கிரேக்கா என்னும் புறநகர் வரும். அங்கே ஒரு குன்றின் சரிவில் தகரக் கூரை வீடுகள் நெருக்கமாக அமைந்துள்ளன. ‘அச்சோலிக் குடியிருப்பு’ என்பது அதன் பெயர். வடக்கு உகாண்டாவில் இருபது ஆண்டுகள் நீடித்த உள்நாட்டுப் போரிலிருந்து உயிர் தப்பி வந்த அச்சோலி இன மக்கள் குடியேறிய இடம் அது. அருகில் இருந்த கற்சுரங்கமே அவர்களுக்குப் பிழைப்பளித்தது. பெண்கள் வெயிலில் அமர்ந்து, பாறைத் துண்டுகளைச் சுத்தியலால் ஜல்லியாக உடைத்து, நாளொன்றுக்குச் சொற்பக் காசு ஈட்டினர். அவர்களுள் பலர் விதவைகள், பலர் எச்.ஐ.வி. கிருமியை உடலில் சுமந்தவர்கள்.

இந்நோய் உகாண்டாவை வாட்டிய வரலாறு நீண்டது. 1982ஆம் ஆண்டில் விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள மீனவர் கிராமமான கசென்செரோவில் முதன்முதலாக அறியப்பட்டது. உடல் மெலிந்து மடிந்ததால் மக்கள் அதற்கு ‘ஸ்லிம்’ என்று பெயரிட்டனர். கணவனிடமிருந்து நோயைப் பெற்ற மனைவியரே ஏராளம். கணவன் இறந்தபின் அவன் உறவினர் வீட்டையும் நிலத்தையும் பறித்துக்கொண்டு, அவளையே பழித்து வெளியேற்றியதும் உண்டு. கையில் குழந்தைகள், உடலில் நோய், ஊராரின் ஏளனம். இந்த நிலையில் ஒரு பெண் சுத்தியலை எத்தனை நாள் தூக்க முடியும்? இதைச் சிறிது எண்ணிப் பாருங்கள்.

இங்கேதான் காகிதம் கைகொடுத்தது. பழைய நாள்காட்டிகள், சுவரொட்டிகள், வார இதழ்கள், அச்சகங்களில் கழிக்கப்பட்ட வண்ணத் தாள்கள் ஆகியவையே மூலப்பொருள். தாளை ஓர் முனை அகன்று மறுமுனை கூர்ந்த நீண்ட முக்கோணப் பட்டைகளாக வெட்டுகிறார்கள். அகன்ற முனையை ஊசியில் சுற்றி, இறுக்கமாக உருட்டிக்கொண்டே வந்து, கூர்முனையைப் பசையிட்டு ஒட்டுகிறார்கள். நடுவே பருத்து இருபுறமும் ஒடுங்கிய அழகிய மணி ஒன்று பிறக்கிறது. பட்டையின் அகலம் மணியின் நீளத்தைத் தீர்மானிக்கும். பட்டையின் நீளம் மணியின் பருமனைத் தீர்மானிக்கும். பின்னர் மணிகளை நூலில் கோத்து, வார்னிஷில் நனைத்து, காற்றில் உலர்த்துகிறார்கள். உலர்ந்தபின் இடையிடையே சிறு கண்ணாடி மணிகள் சேர்த்து மாலைகளாகவும் காப்புகளாகவும் கோக்கிறார்கள். அதன் பளபளப்பைக் கண்டவர், அது நேற்றைய சுவரொட்டி என்று நம்பமாட்டார்.

இத்தொழிலுக்கு மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம், பெருமுதலும் வேண்டாம். உடல் தளர்ந்தால் நிறுத்தலாம், தெளிந்தால் தொடரலாம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே வீட்டு வாசலில் அமர்ந்து செய்யலாம். மணி விற்ற காசில் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் மருத்துவமனைக்குச் செல்லும் வண்டிக்கூலியும் கட்டினார்கள். எனினும் இது குறையில்லாத வாழ்வன்று. பலரும் கற்றுக்கொண்டதால் போட்டி மிகுந்தது. 2020இல் பெருந்தொற்றால் நாட்டின் எல்லைகள் மூடப்பட்டபோது வாங்க வரும் பயணிகளும் இல்லாமற் போயினர்.

இப்பெண்களைப் பற்றிய ஒரு செய்தி நம் உள்ளத்தை உலுக்கக்கூடியது. 2005ஆம் ஆண்டு அமெரிக்காவைக் கத்ரீனா என்னும் பெரும்புயல் தாக்கியது. அச்செய்தியைக் கேட்ட கிரேக்காப் பெண்கள், கல்லுடைத்த காசிலிருந்து நூற்றுக்கணக்கான டாலர்களைச் சேர்த்து, புயலால் வீடிழந்த அமெரிக்க மக்களுக்கு அனுப்பினார்கள். வாங்கும் கை என்று உலகம் எண்ணியிருந்த கை, கொடுக்கும் கையாயிற்று!

இதைப் படிக்கும்போது அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் நினைவு நமக்கு வராமல் இருக்குமா? பெருமானார் (ஸல்) அவர்களின் துணைவியாராகிய அவர்கள் தோல் பதனிட்டு, தைத்து, அவ்வருவாயை ஏழைகளுக்கு ஈந்தார்கள். கிரேக்காவின் பெண்களில் பெரும்பாலோர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆயினும் உழைத்து ஈந்த அக்கைகளின் மாண்பை நாம் அறியாதவர்கள் அல்லவே!

உகாண்டா முஸ்லிம்களும் வாளாவிருக்கவில்லை. அந்நாட்டு முஸ்லிம் மருத்துவர்கள் 1988இல் ‘உகாண்டா இஸ்லாமிய மருத்துவச் சங்கம்’ கண்டார்கள். 1992 முதல் இமாம்களுக்கும், அவர்களுக்குத் துணையாக ஆண், பெண் தொண்டர்களுக்கும் பயிற்சி அளித்து, வீடு வீடாக அனுப்பினார்கள். மிம்பரிலிருந்து நோயின் உண்மை சொல்லப்பட்டது. மதரஸாப் பிள்ளைகளுக்கும் தனிப் பாடம் வகுக்கப்பட்டது. 1998இல் ஐக்கிய நாடுகள் சபையின் எய்ட்ஸ் அமைப்பு இம்முயற்சியை உலகிற்கு எடுத்துக்காட்டாக வெளியிட்டது. வெட்கம் என்று மூடி வைத்ததை, மார்க்கக் கடமை என்று திறந்து பேசிய அந்த இமாம்களைப் போன்று நாம் பேசுகிறோமா?

நமக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிடாதீர்கள். இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில்தான். அதை அடக்கும் மருந்து ஏழைகளுக்கும் எட்டும்படி விலை குறைய வழிகாட்டியதும் இந்தியர் ஒருவரே. ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற கூட்டு மருந்தை, 2001இல் 350 டாலருக்குத் தர முன்வந்தார் சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது. 2004 முதல் உகாண்டாவில் அம்மருந்து இலவசமாக வழங்கப்படலாயிற்று. இன்று முறையாக மருந்து உட்கொள்பவர் நீண்ட நாள் வாழ்கிறார். இரத்தத்தில் கிருமி அளவிட முடியாதபடி அடங்கிவிட்டால், தம் துணைக்கும் நோயைப் பரப்புவதில்லை. தொடுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே ஸஃப்பில் நின்று தொழுவதாலோ இது ஒருபோதும் தொற்றாது. வேலை, கல்வி, மருத்துவம், வீடு ஆகியவற்றை இந்நோயைக் காரணம் காட்டி மறுப்பது நம் நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது.

ஆகவே வாசகர்களே! உங்கள் மஹல்லாவில் இத்தகைய சகோதரி ஒருவர் இருக்கலாம். இத்தாவில் அமர்ந்திருக்கும்போதே புகுந்த வீட்டாரின் ஏச்சுக்கு ஆளாகிக்கொண்டிருக்கலாம். ‘நோய் எப்படி வந்தது?’ என்று அவரிடம் கேட்காதீர்கள். ‘என்ன தொழில் தெரியும்?’ என்று கேளுங்கள். தையல் தெரிந்தால் ஜமாஅத் ஒரு தையல் இயந்திரம் வாங்கிக் கொடுக்கட்டும். பாய் முடையத் தெரிந்தால் கோரை வாங்கிக் கொடுங்கள். அவர் செய்த பொருளைப் பேரம் பேசாமல் உரிய விலைக்கு வாங்குங்கள். அவருடைய மருந்துச் சீட்டின் இரகசியத்தை அமானிதமாகக் காத்து நில்லுங்கள்.

கழித்துப் போட்ட காகிதத்திலிருந்து மணி செய்கிறார்கள் கிரேக்காவின் பெண்கள். அல்லாஹ் படைத்த ஒரு மனித உயிரைக் கழித்துப் போட நமக்கு ஏது உரிமை? வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களை விரிவாக்கி அருள்வானாக. ஆமீன்.