வாடகை வீட்டில் வளர்ந்த அகராதி

வீடு என்னும் சொல்லுக்கு இல்லம் என்றும் விடுதலை என்றும் தமிழில் பொருள் உண்டு. அகராதியியல் பாடம் நடத்தும்போதெல்லாம், இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்திய ஒரு வீடு என் நினைவில் எழும். இலண்டன் மாநகரில், காஃப் சதுக்கத்தில், 17ஆம் எண் கொண்ட பழைய வீடு அது.

1700ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பெற்ற அச்செங்கல் வீட்டில் 1748 முதல் 1759 வரை வாடகைக்குக் குடியிருந்தவர் சாமுவேல் ஜான்சன். உச்சிமாடி அறையே அவரது அகராதிப் பட்டறை. உதவியாளர் அறுவர், அவர்களுள் ஐவர் ஸ்காட்லாந்து நாட்டினர். ஜான்சன் நூல்களைப் படித்து, உரிய சொற்களைக் கோடிட்டுத் தருவார். உதவியாளர்கள் அம்மேற்கோள்களைத் தாள்களில் படியெடுப்பர். இவ்வாறு 42,773 சொற்கள் திரண்டு, 1755 ஏப்ரலில் இரு பெருந்தொகுதிகளாக அகராதி வெளிவந்தது. நம் வீரமாமுனிவரின் சதுரகராதி 1732ஆம் ஆண்டினது என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

வெளியே புகழ் வளர, வீட்டினுள் துயரமும் வறுமையும் குடியிருந்தன. 1752இல் மனைவி எலிசபெத் மறைந்தார். அகராதி வெளிவந்த மறு ஆண்டே 5 பவுன் 18 ஷில்லிங் கடனுக்காக ஜான்சன் கைது செய்யப்பட்டார். புதின ஆசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் பணம் அனுப்பி மீட்டார்.

மனைவி மறைந்த சில நாள்களில் அவ்வீட்டிற்கு ஒரு சிறுவர் பணியாளாக வந்தார். ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்த பிரான்சிஸ் பார்பர் அவர். முன்னைய உரிமையாளரின் உயில் அவருக்கு விடுதலை அளித்தது. பின்னாளில் ஜான்சன் தம் செலவில் அவரைப் பள்ளிக்கு அனுப்பினார். 1784இல் மறைந்தபோது தம் உடைமையின் பெரும்பகுதியை அவருக்கே விட்டுச் சென்றார். வீடு என்பதன் இரண்டாம் பொருள் இவர் வாழ்வில் துலங்குகின்றது.

காலப்போக்கில் அவ்வில்லம் தங்கும் விடுதியாகவும் அச்சகமாகவும் சரக்கறையாகவும் மாறிச் சிதைந்தது. 1911இல் செசில் ஹாம்ஸ்வொர்த் அதனை விலைக்கு வாங்கிச் செப்பனிட்டார். 1914இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் கூரை சேதமுற்ற போதும் வீடு தப்பியது. இன்று அங்குச் செல்வோர் ஜான்சனை மட்டுமன்றிப் பார்பரையும் அறிந்து திரும்புகின்றனர்.

எங்கள் பாட்டனார் வீடு பாகப்பிரிவினைக்குப்பின் கைமாறிவிட்டது. அதன் வாசல் நிலையில் அவர் பெயர் செதுக்கப்பட்டிருந்தது. அங்கேயே தங்கி அவருடைய கடைக்குக் கணக்கெழுதிய பெரியவர்தாம் என் வாப்பாவுக்கு முதன்முதலில் எழுத்தறிவித்தவர். வாப்பா இறுதிவரை அவரைக் 'கணக்கர் மாமா' என்றே சொல்லி நெகிழ்வார். அவரது இயற்பெயரைச் சொல்ல இன்று எங்கள் குடும்பத்தில் எவருமில்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் ஊரில் பழைய வீடொன்றைக் காணும்போது கட்டியவர் பெயரோடு நின்றுவிடாதீர்கள். அங்கே சமைத்தவர் யார், நீர் சுமந்தவர் யார், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர் யார் எனக் கேட்டு எழுதிவையுங்கள். சொல்லக்கூடிய பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே அப்பணி நடைபெற வேண்டும்.