சிரட்டை

மகளுக்குப் புதுச்சேரியில் வேலை கிடைத்து மூணாவது மாசம், என்னையும் எங்க அம்மாவையும் ஒரு இத்தாலிச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பழைய பிரெஞ்சுக்காரன் வீடு. 1954 வரைக்கும் அவன் ஆண்ட ஊர்தானே. ஏழெட்டு மேசை, மங்கலான வெளிச்சம், சுவரெல்லாம் படங்கள். கதிர் அறுக்கிற பொம்பிளைகள், மாட்டுவண்டி, குனிந்த முதுகுகள். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பளபளன்னு சேலை கட்டிக்கிட்டா அறுப்புக்குப் போவாவ?" என்றாள்.

அம்மா வாசுதேவநல்லூர்க்காரி. நடவு, அறுப்பு, எலுமிச்சைத் தோட்டத்தில் காய் பறிப்பு என்று போனவள். முள் கிழித்த கோடுகள் கையில் இன்னும் கிடக்கின்றன. அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஊர் டீக்கடையில் எங்க தெரு ஆட்களுக்குச் சிரட்டைதான். கடைத் தாழ்வாரத்தில் சொருகியிருக்கும் சிரட்டையை எடுத்துக் கீழே வைக்கணும். கடைக்காரர் மேலேயிருந்து ஊற்றுவார். காசைத் தரையில் வைக்கணும். குந்தி உட்கார்ந்து குடித்துவிட்டு, கழுவி, பழைய இடத்திலேயே சொருகணும். என் காலத்தில் சிரட்டை போய்க் கண்ணாடிக் கிளாஸ் வந்தது. அதுவும் தனிக் கிளாஸ்தான், கழுவுவதும் நாங்கள்தான். முன்னேற்றம்!

சட்டம் இல்லாமலா? 1950இல் வந்த அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆவது பிரிவு கடைகள், உணவு விடுதிகள் என்று பெயர் சொல்லியே பேசுகிறது. 1955இல் தண்டனைச் சட்டமும் வந்தது. அம்மா சிரட்டை ஏந்தியது அதற்கெல்லாம் பிறகு.

1925 வாக்கில் எங்கள் திருநெல்வேலிச் சீமையிலேயே சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் போராடினார்கள். வேண்டிய போராட்டம்தான். ஆனால் எனக்குச் சிரட்டையும் தனிக் கிளாஸும் நீட்டிய டீக்கடை எதையும் பார்ப்பனர் நடத்தவில்லை. அதையும் சேர்த்துத்தான் பேசணும்.

மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நான் தின்ற முதல் கடை, செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டரில். பாய் கடை. வாழை இலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றினார்கள். எந்தத் தெரு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. குற்றாலத்தில் குளித்த பசியோடு ஏழு பரோட்டா தின்றேன்.

இங்கே மகள் ஒயின் சொன்னாள். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "நாவப்பழம் புளிச்சுப்போன மாதிரி இருக்கு" என்று தள்ளி வைத்தாள். பாஸ்தா பிடித்திருந்தது. "மொத்தச் சேமியாதான இது" என்று கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே தின்றாள். மகள் கொஞ்சம் அக்கம்பக்கம் பார்த்தாள். நானும்தான் பார்த்தேன், பொய் எதுக்கு?

கடைசியில் ஐஸ்கிரீம் வந்தது. சிரட்டையில். தேய்த்து வழவழப்பாக்கி, எண்ணெய் பூசி, அடியில் ஒரு வளையம் வைத்திருந்தார்கள். பரிமாறின பையன், "பிளாஸ்டிக்கே கிடையாது சார், எல்லாம் நேச்சுரல்" என்றான்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்ல வாயெடுத்தேன். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு இதையெல்லாம் நான் சொன்னதே இல்லை. படித்து மேலே வருகிற பிள்ளை, இது எதுக்கு என்று மறைத்தே வளர்த்துவிட்டேன்.

அம்மா சிரட்டையைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரன் சிரட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அதற்கு அந்தப் பக்கம் நல்ல பட்டுச்சேலை கட்டின ஒரு அம்மா. அவள் முன்னாலும் சிரட்டை.

"எல்லாருக்குமா சிரட்டைல குடுக்காவ?"

"ஆமா ஆச்சி, எல்லாருக்கும்தான்" என்றாள் மகள்.

அம்மா கரண்டியை எடுத்தாள். நிதானமாக, அடி தெரியும்வரை தின்றாள். பிறகு பழக்கதோஷத்தில் சிரட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, தண்ணிக் குழாய் எங்கே என்று தேடினாள். பையன் ஓடி வந்து வாங்கிக்கொண்டு போனான். சமையல்கட்டுக் கதவு ஆடி நிற்கும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றவள் கேட்டாள்.

"உள்ள இருந்து கழுவுறது எந்தத் தெருக்காரியோ?"