புதைத்து வைத்த தாலந்து

எங்கள் அஸ்தம்பட்டியில் மலை என்றால் ஏற்காடுதான். ரவுண்டானாவில் பஸ் ஏறினால் குளிர் காற்று, காப்பித் தோட்டம், இருட்டுமுன் வீடு. மலையைப் பற்றி எனக்கு இருந்த அனுபவமெல்லாம் அவ்வளவே. ஆகவே, என் தம்பி மகள் ஒரு நாள் மாலை வந்து, "பெரியப்பா, கொல்லிமலைக்கு நர்ஸ் வேலைக்குப் போகலாமென்று இருக்கிறேன்" என்றதும் திடுக்கிட்டுப் போனேன்.

"இங்கே டவுனிலேயே நல்ல சம்பளத்தில் இடம் கிடைத்திருக்கிறதே, அம்மா?"

"கிடைத்திருக்கிறது. அதனால்தான் உங்களைக் கேட்க வந்தேன்."

உலகத்துப் பெரியப்பாக்கள் சொல்வதையே நானும் சொன்னேன். எண்ணம் உத்தமமானதுதான், ஆனால் அவசரப்படாதே, ஜெபித்துப் பார் என்றேன். 'போகாதே' என்பதைத்தான் அப்படி மரியாதையாகச் சொன்னேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவளுக்கும் அது புரிந்தது. ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. கொல்லிமலை என்றால் நினைவுக்கு வரும் ஒரு தம்பதியர், ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும், மனத்தில் வந்து நின்றார்கள். ஈவ்லின் இலண்டனில் வசதியான வீட்டில் பிறந்து ஓவியம் பயின்றவர். 1913-ல் ஜெஸ்ஸியை மணந்து, அவரோடு கொல்லிமலையில் குடியேறினார். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட இன்றைய சாலை அன்று இல்லை. மலையில் மலேரியா கொடிகட்டிப் பறந்தது. இருவரும் மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள். பல ஆண்டுகள் அவர்களுடைய மார்க்கத்தை ஒருவர்கூட ஏற்கவில்லை. அதற்காக மருந்துப் பெட்டியை மூடிவிடவில்லை.

1929-ல் மலேரியா முற்றி வரும் கொடிய காய்ச்சலில் ஜெஸ்ஸி அங்கேயே இறந்தார். அவருடைய மகன் பால், ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவன், தகப்பனாரை மறுபடி பார்க்கவே இல்லை. பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திப் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் அவர்தான். பெற்றோர் துணிந்ததற்குப் பிள்ளையும் விலை கொடுத்தான். இதை மறைத்துவிட்டுத் துணிச்சலைப் புகழ்வது நேர்மை ஆகாது.

ஈவ்லின் அம்மாளோ, 70 வயதை நெருங்கியபோது, சங்கத்தார் இனி ஓய்வு பெறுங்கள் என்று சொல்ல, சங்கத்திலிருந்து விலகித் தம் சொந்தப் பொறுப்பிலேயே மலைக்குத் திரும்பினார். மட்டக்குதிரையில் ஏறினார், விழுந்தார், எலும்பு முறிந்தது, இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். 1974-ல் 95-ஆம் வயதில் காலமானார். கணவருக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

துணிவதெல்லாம் விசுவாசமா? இல்லை. ஆலயத்தின் உச்சியிலிருந்து குதித்துக் காட்டு என்று சாத்தான் சொன்னபோது இயேசு குதிக்கவில்லை. அந்தக் குதிப்பினால் யாருடைய பசியும் ஆறாது. யாருடைய நோயும் தீராது. ஆனால் அதே இயேசு, எஜமான் கொடுத்த தாலந்தை மண்ணில் புதைத்துவைத்து, குறையாமல் திருப்பிக் கொடுத்தவனின் கதையையும் சொன்னார். அவன் திருடனல்ல, சூதாடியுமல்ல. மிகவும் ஜாக்கிரதையான மனிதன். எஜமானிடம் அவன் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: பயந்தேன் என்பது. அந்த உவமையில் தண்டனை பெற்றவன் அவன்தான்.

இத்தனை காலமும் அந்த மனிதனை வேறு யாரோ என்று நினைத்து வந்தேன். அன்றிரவு அவன் என் கட்டிலிலேயே படுத்திருந்தான். தன் தாலந்தைப் புதைத்தது போதாதென்று, தம்பி மகளின் தாலந்துக்கும் குழி தோண்டிக்கொண்டிருந்தான்!

மறுநாள் அவளை அழைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். தகப்பனைப் பார்க்காத பையனின் கதையையும் விடவில்லை. "முடிவு உன்னுடையது, அம்மா" என்றேன்.

அவள் சிறிது நேரம் கழித்து, "நீங்கள் எனக்காக ஜெபிப்பீர்களா, பெரியப்பா?" என்று கேட்டாள்.

ஜெபித்தேன். அவள் போகவேண்டும் என்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. போனால், தடுக்காமல் பஸ் ஏற்றிவிடும் பலத்தையாவது கொடு என்றுதான் கேட்டேன்.