பெட்டிக்குள் இடம்

வாடிப்பட்டி என்றால் வெளியூரார்க்கு முதலில் நினைவுக்கு வருவது மேளம்தான். சிறுமலை அடிவாரத்தில், மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் உள்ள எங்கள் ஊரின் திருவிழா மேளங்களையும் ஒப்பாரிகளையும் தாலாட்டுகளையும் பதிவு செய்து வைப்பது எனத் தமிழாசிரியர்கள் மூவர் சேர்ந்து முடிவு செய்தோம். இருபதாண்டுகளுக்கு முந்தைய கதை இது. கையில் இருந்ததோ மினி டிவி நாடா ஓடும் சிறு ஒளிப்படக் கருவி ஒன்று.

அந்த நாடாவில் ஒரு மணி நேரப் பதிவு கணினிக்குள் ஏறினால் ஏறத்தாழ 13 ஜிகாபைட் இடம் பிடிக்கும். நாற்பது மணி நேரத்துக்கு ஐந்நூறுக்கும் மேல் வேண்டும். அன்று எங்கள் கணினியில் இருந்த வன்தட்டோ 80 ஜிகாபைட். ஆகவே ஆண்டுக்கொன்றாக வன்தட்டு வாங்குவதும், நாடா விலை கட்டுப்படியாகாமல் பழைய நாடாவின் மேலேயே புதிய பதிவை எடுப்பதும் வழக்கமாயின. இரண்டாவது பழக்கத்தின் விலை அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில், சிதறிக் கிடந்த தட்டுகளையெல்லாம் ஒரே மேசைக் கணினிக்குள் சேர்த்துவிடத் துணிந்தோம். அந்தக் கணினியின் தாய்ப்பலகையில் ஸாட்டா இணைப்புகள் நான்கே. நான்கும் நிரம்பியிருந்தன. டிவிடி கருவியைக் கழற்றி ஒன்றை மீட்டோம். போதவில்லை. மதுரையில் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையில் செருகும் அட்டை ஒன்று வாங்கினோம். உள்ளங்கையளவே உள்ள அந்த அட்டை மேலும் நான்கு இணைப்புகளைத் தந்தது. அது உட்கார்ந்த துளை நொடிக்கு 500 மெகாபைட் கடத்த வல்லது. சுழலும் வன்தட்டு ஒன்று 200 மெகாபைட்டை எட்டினாலே பெரிது. ஆகவே வேகம் குறித்த கவலை எழவில்லை. 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டைப் பழைய எம்பிஆர் முறையில் பிரித்தால் எஞ்சிய இடம் வீணாகும், ஜிபிடி முறையே வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டோம். இலக்கணம் படித்தவர்களுக்கு விதிகள் அச்சமூட்டுவதில்லை.

நாங்கள் படிக்காமல் விட்டது மின்சாரத்தை. ஒவ்வொரு தட்டுக்கும் தரவு வடம் ஒன்று, மின்வடம் ஒன்று என இரண்டு தேவை. அட்டை தருவது முதலாவதை மட்டுமே. சுழலத் தொடங்கும் கணத்தில் ஒரு தட்டு இருபது வாட்டுக்கு மேலும் இழுக்கும். எங்கள் மின்வழங்கியில் மிஞ்சியிருந்தது பழைய மோலெக்ஸ் முனை ஒன்றே.

"ஸ்ப்ளிட்டர் போட்டுக்கங்க சார். ஒண்ணுல ரெண்டு ஓடும்," என்றார் கடைக்காரத் தம்பி. ஐம்பது ரூபாய்க்குள் முடிந்தது. உருக்கி வார்த்த நெகிழித் தலைக்குள் கம்பிகள் புதைந்திருக்கும் மலிவான வகை அது. உள்ளே கம்பிகள் நெருங்கித் தொட்டுத் தீப்பற்றக்கூடும் என்பதும், ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே கவ்விப் பொருத்தப்பட்ட வகையையே வாங்க வேண்டும் என்பதும் பின்னால் படித்து அறிந்தவை. தம்பியைக் குறை சொல்வதற்கில்லை. கேட்டு வாங்கியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

மூன்றாம் நாள் மாலை, அறையில் கருகல் வாடை. பிடுங்கிப் பார்த்தபோது வடத்தின் தலை உருகியிருந்தது. அதில் பூட்டியிருந்த இரண்டு தட்டுகளும் அதன்பின் சுழலவில்லை.

அந்த இரண்டில் இருந்தவை ஒரே கோப்புகள். பாதுகாப்பு கருதி இரு படிகள் வைத்திருந்தோம்! ஊரின் மூத்த தப்புக் கலைஞர் ஒருவர், இறப்பதற்கு முந்தைய ஆண்டு, தோலைத் தீயில் காய்ச்சுவது முதல் அடிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வாசித்துக் காட்டுவது வரை தொண்ணூறு நிமிடம் எங்களுக்காக அமர்ந்த பதிவு அவற்றில் இருந்தது. மூல நாடாவின் மேல் வேறொரு திருவிழாவை நாங்களே எடுத்து அழித்திருந்தோம். தரவு மீட்போர் கேட்ட தொகை எங்கள் சக்தியை மீறியது.

சொல்லாமல் இருக்க மனம் ஒப்பாமல் அவர் வீட்டுக்குப் போனோம். பேரன் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அன்னைக்கு நீங்க குடுத்த சீடி இருக்கு சார். தாத்தா நெனவு நாளுக்கு வருசா வருசம் போட்டுப் பாப்போம்." தகரப் பெட்டியிலிருந்து துணியில் சுற்றிய டிவிடி வந்தது. மரியாதைக்காக ஐம்பது நிமிடமாகச் சுருக்கி நாங்கள் கொடுத்தது, கொடுத்ததையே நாங்கள் மறந்தது. நாற்பது நிமிடம் போயிற்று. அடிகளின் பெயர்களில் பாதி அந்த நாற்பதில் இருந்தது.

1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது, அதன் ஏடுகள் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு கைகளில் கிடந்ததால் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்கிறோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகள் திரும்பவில்லை என்பதையும் சொல்கிறோம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை மாணவர்களைத் தரவிறக்கச் செய்கிறோம். இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, எல்லாப் படிகளையும் ஒரே பெட்டிக்குள், ஒரே வடத்தில் கோத்து வைத்திருந்தோம்.

இணைப்பு அட்டை இன்றும் வேலை செய்கிறது. மின்வழங்கியை மாற்றினோம். தட்டுகளுக்கிடையே காற்றோட இடம் விட்டோம். ஆனால் ஒரு படி மதுரையில் நண்பர் வீட்டில், ஒரு படி கல்லூரியில், பாடியவர் வீட்டில் ஒரு படி என்பதே இப்போதைய ஏற்பாடு. சுருக்காமல் கொடுக்கிறோம்.

இறந்த இரு தட்டுகளும் அலமாரியில் உள்ளன. எறிய மனம் வரவில்லை. பணம் சேர்ந்தால் ஒருநாள் திறந்து பார்க்கலாம். படிக்கும் நண்பர்களிடம் இவ்வாறான பதிவு ஏதேனும் ஒற்றைப் படியாக இருந்தால், இந்த வாரமே இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.