501-வது வரி

எங்கள் ராசிங்காபுரத்தில் விடிவதற்கு முன்பே ஜீப் ஹாரன் கேட்டுவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள், தூக்குவாளியும் மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாளுமாக முக்கில் நிற்பார்கள். போடிக்குப் போய், போடிமெட்டு வளைவுகளில் ஏறி, கேரள எல்லையைத் தாண்டித் தோட்டத்தில் இறங்கும்போது நன்றாக விடிந்திருக்கும். என் அம்மாவும் பதினெட்டு வருஷம் அந்த ஜீப்பில் போனவர்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது. தூரிலிருந்து தரையோடு ஓடும் சரத்தில்தான் காய்க்கும். அதனால் குத்தவைத்து உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும். எல்லாக் காயும் ஒரே நேரத்தில் விளையாது. விளைந்ததை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்து அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். பச்சைக் காய் ஐந்து கிலோ காய்ந்தால்தான் சுமார் ஒரு கிலோ ஏலக்காய்.

ஜீப்பில் ஏறும்போது கங்காணி நோட்டில் பெயர் போடுவார். சனிக்கிழமைச் சம்பளம் அந்த நோட்டைப் பார்த்துத்தான். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு வாரம் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி குறைந்தது. போய்க் கேட்டார். "நோட்டுல இல்லியேம்மா" என்று பதில் வந்தது. கங்காணி ஏமாற்றுக்காரர் இல்லை. அன்றைக்கு அவசரத்தில் பெயர் விட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் அந்த வாரம் எண்ணெய் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா கதவுக்குப் பின்னால் கரித்துண்டால் தினமும் ஒரு கோடு போட ஆரம்பித்தார். அவருக்கு எழுதத் தெரியாது. எண்ணத் தெரியும்.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், என் ஐ.டி. வேலையில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. அது எனக்குப் புரிய பல வருஷம் ஆனது.

2018-ல் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கிச் சென்னைக்குப் போனேன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் ஹெல்ப் டெஸ்க் வேலை. பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு மாற்றிக் கொடுப்பது, வருகிற புகார்களை எக்செல்லில் ஏற்றுவது. ஒரு வருஷம் ஓடியது. ஒருநாள் டீம் லீடர் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த வேலையெல்லாம் சீக்கிரம் தானா நடக்குற மாதிரி ஆகிடும். ஷேர்பாயின்ட், பவர் ஆப்ஸ் கத்துக்க. இல்லைன்னா கஷ்டம்."

ஷேர்பாயின்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: இது மைக்ரோசாஃப்ட் 2001-ல் கொண்டுவந்த மென்பொருள். அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் ஃபைல்களையும் பட்டியல்களையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள உதவுவது. அதன்மேல் நமக்குத் தேவையான சின்னச் சின்ன செயலிகளைக் கட்டிக்கொள்ளலாம். விடுப்பு விண்ணப்பம், பொருள் கேட்டு மனு, செலவுக் கணக்கு இப்படி எதுவும். 2016-ல் வந்த பவர் ஆப்ஸில் எக்செல் ஃபார்முலா போல எழுதியே ஒரு செயலியைச் செய்துவிடலாம். 'விண்ணப்பம் வந்ததும் மேலாளருக்கு மெயில் அனுப்பு' என்பது போன்ற வேலைகளைப் பவர் ஆட்டோமேட் பார்த்துக்கொள்ளும்.

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? எனக்கு அப்படி இல்லை. பயிற்சி வீடியோக்களின் ஆங்கிலம் ஓடுகிற வேகத்தில் பாதி புரியாது. நிறுத்தி, திரும்ப ஓட்டி, நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வேன்.

அதற்குள் 2020 மார்ச் வந்தது. ஊரடங்கு. லேப்டாப்போடு ராசிங்காபுரம் வந்து சேர்ந்தேன். எல்லையை மூடிவிட்டதால் ஜீப்பும் ஓடவில்லை. என் நினைவு தெரிந்த நாளிலிருந்து முதல்முறையாக அம்மா விடிந்த பிறகும் வீட்டில் இருந்தார். அந்த மாதங்களில் என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. 'இல்லைன்னா கஷ்டம்' என்று டீம் லீடர் சொன்னது ராத்திரி படுத்தால் காதில் கேட்கும்.

வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தால் கிடைக்கும். அங்கேதான் படித்தேன். மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் பாடங்கள் இலவசம். பழகிப் பார்க்க அப்போது 25 பேர் கணக்கு வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு மாதிரி அலுவலகத்தையே இலவசமாகக் கொடுத்தார்கள். அந்த 25 பேருக்கும் எங்கள் தெருப் பெண்களின் பெயரைத்தான் வைத்தேன்.

அம்மா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார். "என்னத்தா செய்ற, பொட்டி பொட்டியா கட்டிக்கிட்டு?"

"கங்காணி நோட்டு மாதிரிம்மா. ஆனா எல்லாரும் பாத்துக்கலாம்."

"அப்ப நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நாலு மாதத்தில் முதல் செயலியைச் செய்தேன். எங்கள் அணிக்கான விடுப்பு விண்ணப்பம். மூன்று திரை, ஒரு பட்டன். டீம் லீடர் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அன்று வீட்டில் கேசரி கிண்டினோம்.

2022-ல் அலுவலகம் திரும்பத் திறந்ததும் பெரிய வேலை ஒன்று என் கைக்கு வந்தது. இரவுப் பணியாளர்களை வீட்டில் கொண்டுபோய் விடும் கார் ஓட்டுநர்களுக்கான செயலி. அவர்கள் ஒப்பந்தத்தில் ஓடுபவர்கள். அதுவரை ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார்கள். இனி மொபைலில் பதிந்தால் போதும். மாத முடிவில் ஓட்டுநர் பெயரில் கொஞ்சம் அடித்தால், அவர் ஓட்டிய ட்ரிப்புகளும் மொத்தக் கணக்கும் திரையில் வந்துவிடும். அதை வைத்துத்தான் பணம்.

இருபது வரி போட்டுச் சோதித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. ஃபார்முலாவின் ஓரத்தில் மட்டும் ஒரு மஞ்சள் முக்கோணம் தெரிந்தது. எச்சரிக்கைதான், தவறு இல்லையே என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது மாதக் கடைசியில் ஒரு ஓட்டுநர் என் மேசைக்கே வந்தார். அப்பா வயசு. "மேடம், இந்த மாசம் பதினோரு ட்ரிப் ஓட்டிருக்கேன். நாலுதான் காட்டுது."

திரையைப் பார்த்தேன். நாலுதான் இருந்தது.

"சிஸ்டத்துல அவ்வளவுதான்ணே இருக்கு" என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. எங்கேயோ கேட்ட பதில். நோட்டுல இல்லியேம்மா.

அவர் சண்டை போடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாக்கெட் நோட்டை எடுத்தார். தேதி, இறக்கிவிட்ட இடம், நேரம். பதினோரு வரி. எனக்குக் கதவுக்குப் பின்னால் இருந்த கரிக்கோடு கண்ணில் நின்றது. "உக்காருங்கண்ணே" என்றேன்.

செயலியை விட்டுவிட்டு, அதற்கு அடியில் இருக்கும் ஷேர்பாயின்ட் பட்டியலை நேரடியாகத் திறந்து பார்த்தேன். பதினோரு ட்ரிப்பும் பத்திரமாக இருந்தன. பட்டியலில் எல்லாம் இருக்கிறது, என் செயலிதான் காட்டவில்லை.

காரணம் அந்த மஞ்சள் முக்கோணம். சில தேடல்களைப் பவர் ஆப்ஸ், 'நீயே தேடிக் கொடு' என்று ஷேர்பாயின்ட்டிடமே ஒப்படைத்துவிடும். அப்போது எத்தனை ஆயிரம் வரி இருந்தாலும் முழுப் பட்டியலிலும் தேடும். ஆனால் பெயரின் நடுவில் இருக்கும் எழுத்தைக்கூடத் தேடுகிற மாதிரி நான் எழுதிய ஃபார்முலாவை அப்படி ஒப்படைக்க முடியாது. அந்த மாதிரி நேரத்தில் முதல் 500 வரியை மட்டும் இறக்கி, அதற்குள் தேடிவிட்டு, 'இவ்வளவுதான்' என்று சொல்லிவிடும். அமைப்பில் மாற்றினாலும் 2000 வரைதான் கூட்டலாம். 501-வது வரியில் இருக்கிற மனிதர் இல்லாதவர் ஆகிவிடுவார். திரையில் சிவப்பு எழுத்து எதுவும் வராது. வேலை ஓடுகிறது என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்போம்.

எங்கள் பட்டியல் அந்த மாத நடுவில்தான் 500-ஐத் தாண்டியிருந்தது. தேடிப் பார்த்தால் இன்னும் ஆறு ஓட்டுநர்களுக்குக் கணக்கு குறைந்திருந்தது. ஆறு பேரும் கேட்கவே இல்லை. கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தோடுதான் மேலாளரிடம் போனேன். மறைத்திருக்கலாம். 2000 என்று எண்ணை மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் சில மாதம் ஓடியிருக்கும். முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். முகம் சுளித்தார், திட்டினார். பிறகு, "எல்லாருக்கும் சேர்த்து இந்த மாசமே போடச் சொல்றேன். நீ முதல்ல அதைச் சரிபண்ணு" என்றார்.

பெயரில் தேடுவதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஓர் எண் கொடுத்தேன். அந்த எண்ணும் மாதமும் அப்படியே பொருந்த வேண்டும் என்று எழுதினேன். இந்தத் தேடலை ஷேர்பாயின்ட்டே முழுப் பட்டியலிலும் செய்துவிடும். ஒரு பட்டியலில் 5000 வரியைத் தாண்டினால் அங்கும் ஒரு சிக்கல் உண்டு என்பதால், அந்த இரண்டு பத்திகளுக்கும் முன்கூட்டியே இண்டெக்ஸ் போட்டேன். இந்த முறை இருபது வரியில் சோதிக்கவில்லை. பொய்யாக ஆறாயிரம் வரியை ஏற்றிப் பார்த்தேன்.

அதோடு, ஓட்டுநர் தன் மொபைலிலேயே அந்த மாத ட்ரிப்புகளை வரிசையாகப் பார்க்கும்படி ஒரு திரை வைத்தேன். கீழே தமிழில் ஒரு பட்டன்: 'என் கணக்கு விட்டுப்போச்சு'. அதை அழுத்தினால் மெயில் நேராக எனக்கு வரும். கதவுக்குப் பின்னால் அம்மா போட்ட கோடு, இப்போது அவர்கள் கையிலேயே இருக்கட்டும் என்றுதான்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். கோடிங் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். ஃபார்முலா பழகிவிடும், ஆங்கிலமும் பழகிவிடும். ஆனால் மஞ்சள் முக்கோணத்தைத் தாண்டிப் போகாதீர்கள். ஒருவர் வந்து 'என் பேர் வரலை' என்றால், திரையைக் காட்டிப் பதில் சொல்வதற்கு முன்னால் அவர் கையிலிருக்கும் நோட்டை வாங்கிப் பாருங்கள்.

அகலப்பாதைப் பணிக்காக 2010 கடைசியில் நிறுத்திய போடி ரயில், 2023 ஜூனில்தான் திரும்ப வந்தது. இப்போது சென்னையில் ஏறினால் காலையில் போடியில் இறங்கலாம். அம்மா இப்போது மலைக்குப் போவதில்லை, முட்டி விடவில்லை. போடியில் ஒரு கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கிறார். சல்லடையில் தங்கியது பெரிய காய், விழுந்தது சின்னது.

போன முறை ஊருக்குப் போனபோது, இந்தக் கதை முழுவதையும் அவரிடம் சொன்னேன். 500, 2000, இண்டெக்ஸ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த ஏழு பேருக்கும் காசு குடுத்தாச்சாத்தா?"

"குடுத்தாச்சும்மா."

"சரி, சாப்புட வா."